நேற்று திறந்த மூடி

காலையில் விழிப்பு வந்ததும் நான் எழுந்திருப்பதில்லை. போர்வைக்குள்ளேயே வலது கையை மெல்ல மூடிப் பார்ப்பேன். விரல் நுனிகள் உள்ளங்கையைத் தொட்டுவிட்டால் நிம்மதி. பாதி வழியில் நின்றுவிட்டால், சரி, இன்றைக்கு இப்படித்தான் என்று அன்றைய வேலைகளை மனசுக்குள் மறுபடி அடுக்க ஆரம்பிப்பேன்: எது கட்டாயம், எதைத் தள்ளிப் போடலாம், எதற்கு இன்னொருவர் கை வேண்டும். பதினோரு வருடமாக என் நாள் இப்படித்தான் தொடங்குகிறது.

எனக்கு இருப்பது முடக்குவாதம், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். வலி என்று சொன்னால் எல்லோருக்கும் புரிகிறது, இறுக்கம் என்று சொன்னால் புரிவதில்லை. ராத்திரி முழுக்க ஈரத்தில் ஊறிக் காய்ந்து சுருங்கிப்போன கையுறையை மாட்டிக்கொண்டது மாதிரி இருக்கும். உள்ளே விரல் இருக்கிறது, மடங்கச் சொன்னால் மடங்காது. மோதிரம் இருந்த விரலின் அடிமூட்டு தடித்து, முஷ்டி பிடிக்கும்போது கணுக்களுக்கு நடுவே தெரிய வேண்டிய பள்ளங்கள் காணாமல் போயிருக்கும். வயதானவர்களுக்கு வரும் எலும்புத் தேய்மானத்திலும் காலையில் பிடித்துக்கொள்ளும், ஆனால் எழுந்து நாலு எட்டு நடந்தால் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். எங்களுக்கு ஒரு மணி நேரம், சில நாள் மதியம் வரைக்கும் விடாது. அசைவில்லாமல் படுத்துக்கிடப்பது ஒரு காரணம். அழற்சியைத் தூண்டும் ரசாயனங்கள் பின்னிரவில் உடம்பில் ஏறுவதும், அதை அடக்கவேண்டிய இயற்கையான கார்ட்டிசால் ஹார்மோன் விடியலை ஒட்டித்தான் போதிய அளவு சுரப்பதும் இன்னொரு காரணம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு காலை நேரத்தின் மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் குறைந்தது.

கோபம் இன்னும் குறையாத இடம் வேறு. சில வருடங்களுக்கு முன்னால் வேலையிடத்தில் நடந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினேன். திறந்து கொடுத்தார், கொடுக்கும்போதே "நேத்து நீங்களே திறந்தீங்களே?" என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்டதில்லை என்று எனக்குத் தெரியும், பார்த்ததைத்தான் சொன்னார். நேற்று திறந்தேன், அதுவும் உண்மை. இன்றைக்கு முடியவில்லை, இதுவும் உண்மை. இரண்டையும் ஒரே ஆளிடம் சேர்த்துப் பார்க்கும்போது மனிதர்கள் ஒன்றைப் பொய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த நோயோடு வாழ்வதில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது எது என்று கேட்டால், வலிக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன். கால் உடைந்து கட்டுப் போட்டவரிடம் யாரும் நேற்றைய கணக்கைக் கேட்பதில்லை. எங்கள் மூட்டு ஒரே மாதிரி இருப்பதில்லை, ஏறும், இறங்கும். ஒரு வாரம் மாடிப்படி ஏறுவேன், அடுத்த வாரம் படுக்கையிலிருந்து குளியலறை வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு போவேன்.

உள்ளே நடப்பது இதுதான். மூட்டைச் சுற்றி உள்பக்கமாக மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது, மூட்டுக்கு எண்ணெய் போடுவது மாதிரி வழவழப்பான திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. கிருமிகளோடு சண்டை போடவேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம் அந்தச் சவ்வை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, நாளடைவில் பக்கத்திலிருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும்: இரண்டு மணிக்கட்டு, இரண்டு கையிலும் விரல்களின் அடிமூட்டும் நடுமூட்டும், இரண்டு பாதத்திலும் விரல்கள் தொடங்கும் இடம். நகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசி மூட்டை வழக்கமாக விட்டுவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முதியோர் நோய் என்ற எண்ணம் தவறு, முப்பதிலும் வரும், குழந்தைகளுக்கே மூட்டழற்சியின் வேறு வகைகள் உண்டு. புகைபிடிப்பது இது வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. மூட்டோடு நின்றுவிடுவதும் இல்லை, கண் வறண்டு போகலாம், நுரையீரலைத் தொடலாம், இதய நோய்க்கான ஆபத்தும் கூடுகிறது. 'வெறும் மூட்டு வலிதானே' என்று சொல்பவர்களுக்கு இந்தக் கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லலாம் போலிருக்கும்.

எனக்குப் பாதத்தில்தான் ஆரம்பித்தது. வெறுங்காலோடு தரையில் இறங்கினால் பாதத்தின் முன்பகுதிக்கு அடியில் கூழாங்கற்கள் கிடப்பது மாதிரி. புதுச் செருப்பு சரியில்லை என்று நினைத்து செருப்பை மாற்றினேன். அப்புறம் மணிக்கட்டு. முதலில் பார்த்த மருத்துவர் கம்ப்யூட்டரில் அதிக நேரம் உட்காருவதால் என்றார், சத்துக் குறைவு என்றார், வலி மாத்திரை கொடுத்தார். ரத்தத்தில் ஆர்ஏ ஃபேக்டர் என்று இந்த நோய்க்காகத் தேடும் ஒரு புரதத்தைப் பார்த்ததில் நெகட்டிவ் வந்தது. "அப்போ அது இல்லை, கவலைப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார். நானும் சந்தோஷமாக வந்துவிட்டேன். எட்டு மாதம் போனது.

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த எட்டு மாதம் எனக்குத் திரும்பக் கிடைக்காது. ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ் என்றால் முடக்குவாதம் இல்லை என்று அர்த்தமில்லை. நோய் இருப்பவர்களில் கணிசமானவர்களுக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். எந்த நோயும் இல்லாதவர்கள் சிலருக்குப் பாசிட்டிவாகவும் வரும். ஆன்டி-சிசிபி என்று இன்னொரு பரிசோதனை இருக்கிறது, அது பாசிட்டிவாக வந்தால் கூடுதலாக நம்பலாம். ஆனால் அதுவும் சிலருக்கு நெகட்டிவாகவே இருக்கும். ஈஎஸ்ஆர், சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் உடம்பில் அழற்சி எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. கடைசியில் மூட்டைத் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் தொட்டுப் பார்க்கவேண்டும்.

எனக்கு அப்படித் தொட்டுப் பார்த்தவர் ஒரு ருமட்டாலஜிஸ்ட், மூட்டு நோய் நிபுணர். முதலில் கை குலுக்குவதுபோல என் கையை வாங்கி, விரல்களின் அடிமூட்டு வரிசையைப் பக்கவாட்டில் சேர்த்து லேசாக அழுத்தினார். லேசாகத்தான், ஆனாலும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு மூட்டாக, தன் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தி, "வலிக்குதா?" என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனார். தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, கைவிரல்களில் இருபது, முழங்கால் இரண்டு, மொத்தம் 28. பாதம் அந்தக் கணக்கில் இல்லை, ஆனாலும் செருப்பைக் கழற்றச் சொல்லி அதையும் பார்த்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக என் வலி ஒருவர் கைக்குத் தட்டுப்பட்டது. நோயின் பெயரை அவர் சொன்னபோது பயத்தைவிட ஆறுதல்தான் அதிகம் வந்தது. எனக்குள் ஏதோ நடக்கிறது என்று நான் சொன்னது பொய் இல்லை.

மாத்திரையைப் பற்றிச் சொல்லவேண்டும். மெத்தோட்ரெக்சேட். வீட்டுக்கு வந்து பெயரைத் தேடிப் பார்த்தவுடன் முதலில் கண்ணில் பட்டது புற்றுநோய் மருந்து என்பதுதான். ராத்திரி தூக்கமில்லை. எனக்கு அதை எடுக்கும் தைரியத்தைக் கொடுத்தது அதன் பழைய கதை. 1940-களில் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற இந்திய விஞ்ஞானியின் தலைமையில் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினையும், அதற்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளையும் தயாரித்தார்கள். அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, தற்காலிகமாகவாவது நோய் பின்வாங்குவதை சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் 1948-இல் காட்டினார். அதே குடும்பத்து மருந்துதான் மெத்தோட்ரெக்சேட். 1951-இலேயே முடக்குவாதத்துக்கு அமினோப்டெரின் உதவுவதைக் கவனித்து எழுதியிருந்தாலும், மெத்தோட்ரெக்சேட்டுக்கு முடக்குவாத மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 1988-இல். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, எங்களுக்குக் கொடுப்பது அதில் மிகச் சிறிய பங்கு. இதை முதல் நாளே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அந்த ராத்திரி நான் தூங்கியிருப்பேன்.

வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் இல்லை. இதைப் படிப்பவர் யாராவது புதிதாக இந்த மாத்திரையைக் கையில் வைத்திருந்தால் அட்டைப்பெட்டி மேல் கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். தவறிப்போய் தினமும் எடுத்து உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் உண்டு. எனக்கு ஞாயிறு ராத்திரி. திங்கட்கிழமை முழுக்க வாய் கசந்து, தலை மந்தமாக, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கும். ஃபோலிக் ஆசிட் வேறு நாளில் எடுப்பது அந்தக் கஷ்டத்தைக் குறைக்கத்தான். ரத்த அணுக்களும் ஈரலும் சரியாக இருக்கின்றனவா என்று குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதிக்கவேண்டும், மது கூடாது என்றே எனக்குச் சொன்னார்கள். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளவேண்டும், கருவுக்கு இது ஆகாது. இன்னொன்று, போட்டவுடன் கேட்கும் மருந்தில்லை இது. ஆறு வாரம், பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். மூன்றாவது வாரத்திலேயே 'ஒண்ணும் கேக்கலை' என்று நிறுத்திவிட்டவர்களை எனக்குத் தெரியும். நானும் நிறுத்த இருந்தவள்தான்.

அந்த இடைவெளியைத் தாண்ட ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இரண்டாவது நாள் காலையில் சட்டைப் பொத்தானை நானே போட்டேன், போட்டுவிட்டு அழுதேன். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட, சில நாளில் அவர் எழுந்து நடந்தாராம். ஹென்சுக்கும் இன்னும் இருவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த மகிழ்ச்சியை நம்பி வருடக்கணக்கில் ஸ்டீராய்டிலேயே ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், முகம் உப்பும், நோய்த்தொற்று சுலபமாக வரும். திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும், ஏனென்றால் உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும்.

அசதியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது பாதிக் கதை. தூங்கி எழுந்தால் தீர்கிற களைப்பு இல்லை இது. காய்ச்சல் வரப்போகும் நாளில் உடம்பு இருக்குமே, அப்படி. தலை வாரிவிட்டு சீப்பை வைத்த பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்வேன்.

பழக்கத்தில் கை சில வழிகளைத் தானாகக் கற்றுக்கொண்டது, சிலவற்றை பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். சின்ன மூட்டு செய்வதைப் பெரிய மூட்டிடம் ஒப்படைக்கவேண்டும் என்பதுதான் அடிப்படை. பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கைக்கு மேலே மாட்டுகிறேன். கதவை உள்ளங்கையால் தள்ளாமல் தோளால் தள்ளுகிறேன். தட்டை விரலால் கவ்வாமல் இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொள்கிறேன். பேனாவுக்கும் பல் துலக்கும் பிரஷ்ஷுக்கும் ஸ்பான்ஜ் குழாய் மாட்டிப் பருமனாக்கியிருக்கிறேன், பிடி பருமனாக இருந்தால் விரல் இறுக மடங்கவேண்டியதில்லை. சாவியின் தலையில் ஒரு மரத்துண்டைச் செருகி நீளமாக்கியாயிற்று. மூடி திறக்க ஒரு ரப்பர் விரிப்பு. அதிலும் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: கட்டைவிரலும் மற்ற விரல்களும் மூடியை முறுக்கும்போது விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகத் தள்ளப்படுகின்றன, இந்த நோய் விரல்களைக் கோணலாக்குவதும் அதே பக்கம்தான். அதனால் உள்ளங்கையை மூடி மேல் தட்டையாக வைத்து, தோளிலிருந்து திருப்பவேண்டும். முதல் தடவை செய்யும்போது மிகவும் வித்தியாசமாக இருந்தது. இப்போது வேறு மாதிரி திறக்கத் தெரியாது.

ஓய்வு எடு என்று எல்லோரும் சொல்வார்கள். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருக்கும் நாட்களில் சரி. மற்ற நாட்களில் அசையாமல் இருந்தால் தசை வற்றி, மூட்டுக்குத் தாங்கல் போய்விடும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை முக்கி, தண்ணீருக்குள்ளேயே விரல்களை விரித்து மூடுவேன். சாப்பாட்டு அறிவுரைகளும் வைத்திய அறிவுரைகளும் எனக்கு வராத நாளில்லை. சொல்பவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது, அவர்களிடம் சண்டை போடுவதில்லை. மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்த அறிவுரையையும் கேட்பதில்லை என்று மட்டும் வைத்திருக்கிறேன். நோய் தொடங்கிய ஆரம்ப காலத்தில் மூட்டு அரிபடுவதுதான் வேகம், அரித்துப்போன எலும்பை எதுவும் திரும்பக் கொண்டுவராது. என் இடது மணிக்கட்டின் எக்ஸ்ரேயில் அந்த எட்டு மாதம் அப்படியே பதிந்திருக்கிறது.

ஓவியர் ரென்வாருக்கு இந்த நோய் இருந்தது. 1892 வாக்கில் தொடங்கியது, 1919-இல் இறக்கும்வரை வரைந்தார். பிரஷ்ஷைக் கையோடு கட்டிக்கொண்டு வரைந்தார் என்று பரவலாகச் சொல்வார்கள், ஆனால் அந்தத் துணிக்கட்டு, மடங்கிப்போன விரல்கள் உள்ளங்கைத் தோலை உரசிப் புண்ணாக்காமல் இருக்கப் போட்டது. பிரஷ்ஷைப் பக்கத்தில் இருப்பவர் எடுத்து அவர் விரல்களுக்கு இடையில் வைப்பார். முதுமையில் எடுத்த புகைப்படங்களில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். மன உறுதி என்று எல்லோரும் அதில் எழுதுகிறார்கள். எனக்குத் தோன்றுவது, சரியான நேரத்தில் பிரஷ்ஷை எடுத்து வைத்த அந்த இன்னொரு கை. அப்புறம், அவர் காலத்தில் எங்கள் மாத்திரைகள் எதுவுமே இல்லை என்பது.

மூன்றாவது வருடம் என் சிகிச்சை திசை மாறியது ஒரு சின்ன நோட்டால். எனக்கு எப்போதும் மதியம் பன்னிரண்டு மணிக்குத்தான் டாக்டரைப் பார்க்க நேரம் கிடைக்கும். அதற்குள் கை இளகியிருக்கும், வீக்கமும் கொஞ்சம் வடிந்திருக்கும். "பரவாயில்லையே, நல்லா இருக்கே" என்பார். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வருவேன், வீட்டுக்கு வந்து எனக்கே எரிச்சலாக இருக்கும். அதற்கு அப்புறம் ஆறு வாரம், தினமும் காலையில் விழித்த நேரத்தையும் முஷ்டி முழுசாக மூடிய நேரத்தையும் எழுதினேன். மோசமான நாட்களில் கையைப் போனில் படம் எடுத்து வைத்தேன். நோட்டை நீட்டியதும் டாக்டர் ஒன்றும் சொல்லாமல் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு மணி பத்து நிமிடம், ஐம்பது நிமிடம், இரண்டு மணி, இருபது நிமிடம், ஒன்றே முக்கால் மணி. படங்களையும் பார்த்தார். அன்றைக்கே சல்ஃபாசலசினும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சேர்த்தார். முதலாவது 1930-களின் கடைசியில் சுவீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் முடக்குவாதத்தை மனதில் வைத்தே உருவாக்கியது. இரண்டாவது மலேரியா மருந்து, அது கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் நான் இப்போதும் கண் பரிசோதனைக்குப் போகிறேன். இவையும் கேட்காதவர்களுக்கு, நோயெதிர்ப்பு மண்டலத்தின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் அடக்கும் பயாலஜிக் ஊசிகள் இருக்கின்றன, 1990-களின் கடைசியிலிருந்து. எனக்கு அதுவரை போகவேண்டி வரவில்லை. நான்கு மாதத்தில் இருபது நிமிடக் காலைகள் அதிகமாயின.

இப்போதும் ஏறும், இறங்கும். ஆனால் நேற்று முடிந்தது இன்றைக்கு ஏன் முடியவில்லை என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. என் கணவர் முதலில் எல்லாவற்றையும் "நான் பண்றேன், நீ விடு" என்று பிடுங்கிக்கொள்வார், அது எனக்கு வேறு விதமாக வலித்தது. ஒரு நாள் உட்கார்ந்து பேசினோம். அதிலிருந்து "இன்னைக்கு கை எப்படி?" என்று மட்டும் கேட்பார், நான் சொல்வதை வைத்து நடந்துகொள்வார்.

மகள் கேட்பதும் இல்லை. ராத்திரி படுக்கைக்குப் பக்கத்தில் எனக்குத் தண்ணீர் பாட்டில் வைப்பது அவள் வேலை. மூடியை முழுசாக முறுக்காமல், சும்மா பொருத்தி வைத்திருப்பாள், எப்போதிலிருந்து அப்படிச் செய்கிறாள் என்று எனக்கு நினைவில்லை. போன வாரம் கை நன்றாக இருந்தது, அவளோடு சேர்ந்து அலமாரியெல்லாம் துடைத்தேன். அன்றைக்கு ராத்திரி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றவள், "அம்மா, இறுக்கட்டுமா, லூசா விடட்டுமா?" என்றாள்.

கையை மூடிப் பார்த்தேன். நுனிகள் உள்ளங்கையைத் தொட்டன.

"லூசாவே விடுடா, காலைல பார்த்துக்கலாம்" என்றேன்.